மூன்றாம் முறை வலித்த பல்

“நேத்திலேர்ந்து குத்திக்கினே கீது சார்” என்றேன்.

டாக்டர் ஆராவமுதன் என் அட்டையை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு நாற்காலியைப் பின்னால் சாய்த்து, இரண்டு பஞ்சுச் சுருளை என் கடைவாயில் அடக்கினார்.

“வாயை நன்னாத் திற, சடையப்பா. பேசாதே.”

எனக்குப் பல்வலி கிடையாது. கரும்பைக் கடித்துத் துப்புகிற பல் அது.

வலியெல்லாம் நாற்காலிக்குக் கீழே வைத்திருந்த என் தபால் பையில் இருந்தது. டாக்டர் எழுதிய புத்தகம் மூன்றாவது பதிப்பகத்திலிருந்தும் திரும்பி வந்துவிட்டது.

பிரித்துப் பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி போஸ்ட்மேன்களில் நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் இரண்டு மாதம் முன்பு டாக்டர் என் கையில் கொடுத்து அனுப்பிய கட்டு எனக்குத் தெரியாதா? போனால் திரும்பி வர இரண்டு மாதம், எப்போதும் அதே கணக்குதான். டாக்டரின் பழுப்புக் காகிதத்தையே திருப்பிச் சுற்றி, அவருடைய சணலாலேயே கட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு முழம் சணல்கூடச் செலவு செய்ய மனசு வராத ஆட்கள்.

புத்தகத்தின் பெயர் ‘கூழும் பல்லும்’. வயல் வேலை செய்தவர்கள் கம்பெனி வேலைக்குப் போனதும் காலைக் கூழை விட்டுவிட்டு டீக்கும் பன்னுக்கும் மாறிவிட்டார்கள், நாலைந்து வருஷத்தில் பல்லும் போச்சு, உடம்பும் போச்சு என்று எழுதியிருந்தார். நல்ல புத்தகம். நான் போய்ச் சொன்னதைக் கேட்டு என் பெண்சாதி செண்பகம் மறுபடி கேழ்வரகு திரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பல் டாக்டர் பல்லைப் பற்றி எழுதட்டும், சோற்றைப் பற்றி எழுத இவர் யார் என்று கேட்டது முதல் பதிப்பகம். உடம்பு பார்க்கிற டாக்டர் யாராவது எழுதித் தந்தால் போடலாம் என்றது இரண்டாவது.

டாக்டர் புத்தகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆசிரியர் குறிப்பைத்தான் வளர்த்தார்.

முதலில் ‘பல் மருத்துவர், திருவள்ளூர்க்காரர்’ என்று ஒரே வரி. அடுத்த முறை ‘உணவு ஆராய்ச்சியில் பதினைந்து ஆண்டுகள்’ சேர்ந்துகொண்டது. ஆராய்ச்சி என்றால் வேறொன்றுமில்லை, பல் பிடுங்க வருகிறவர்களிடம் காலையில் இன்னா நாஷ்டா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது. மூன்றாம் முறை, ஆரணியில் நாட்டு வைத்தியம் பார்த்த தாய்வழிப் பாட்டனாரும், காலேஜ் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய இரண்டாம் பரிசும் வந்து சேர்ந்து, குறிப்பு மூன்று பக்கம் ஆகிவிட்டது.

இதுவும் திரும்பினால் வெந்நீர் அடுப்புக்குத்தான் என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன். அதுதான் என் பயம்.

எனக்கு ஒரு தந்திரம் தெரியும். வாயைத் திறந்தபடி ஒருவன் கிடைத்தால் டாக்டருக்குப் படித்துக் காட்டும் ஆசை வந்துவிடும். மறுத்துப் பேச முடியாத ரசிகன் வேறெங்கே கிடைப்பான்? படித்து முடித்ததும் முகம் மலர்ந்திருக்கும். அந்தச் சமயம் பார்த்துக் கட்டைக் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிவிட வேண்டும். முதல் இரண்டு தடவையும் இதே பல்லைத்தான் காட்டினேன். இரண்டு தடவையும் பலித்தது. டாக்டர் பாவம், சூதுவாது தெரியாதவர்.

இன்றும் அப்படியே நடந்தது. டிராயரிலிருந்து நகலை எடுத்து ஆசிரியர் குறிப்பை வாசிக்கத் தொடங்கினார். பாட்டனார் வந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. ஓட்டப் பந்தயம் வந்ததும் நிமிர்ந்து நின்றார். எச்சில் தொண்டையில் இறங்கி நான் “ஆ” என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

படித்து முடித்தபோது முகம் மலர்ந்திருந்தது. இப்போதுதான் கொடுக்க வேண்டும்.

கை பைக்குப் போகவில்லை. போன தடவையெல்லாம் வெந்நீர் அடுப்புப் பேச்சு இல்லையே.

டாக்டர் கை கழுவ எழுந்தார். போகிற போக்கில் என் அட்டையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். நோயாளிகளின் அட்டையை அவர் யாருக்கும் காட்டி நான் பார்த்ததில்லை.

வாயில் பஞ்சோடு படித்தேன்.

‘12.1.78. நோய்: பல்லில் ஒன்றுமில்லை. புத்தகம் திரும்பி வந்துவிட்டது. சிகிச்சை: ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். தைரியம் வந்து கட்டைக் கொடுத்தான்.’

‘20.7.78. நோய்: அதே. சிகிச்சை: இரண்டு பக்கம். கொடுத்துவிட்டு ஓடிவிட்டான்.’

மூன்றாவது வரியில் இன்றைய தேதி. நான் உள்ளே வந்ததும் எழுதியது, மை காய்ந்திருந்தது.

‘நோய்: அதே. ரொம்பப் பயந்திருக்கிறான். சிகிச்சை: ஆசிரியர் குறிப்பு முழுவதும்.’

வெட்கம் பிடுங்கித் தின்றது. பஞ்சைத் துப்பிவிட்டுக் கட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சணல் முடிச்சைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.



டாக்டர் என் மடியிலிருந்த அட்டையை எடுத்து, ‘அடுத்து வர வேண்டிய நாள்’ என்ற கட்டத்தில் ஒரு தேதி போட்டார். சரியாக இரண்டு மாதம் தள்ளி.