வெள்ளிவிழாவில் வியோலா

பாரிஸ் நகரில் நான்கு தந்தி வாத்தியங்கள் ஒரு குழு தொடங்கின. மிர்வால் என்ற முதல் வயலின் மிகுந்த அடக்கத்தோடு 'மிர்வால் நால்வர்' என்று அதற்குப் பெயர் வைத்தது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வியோலா, தன் பெயரும் ஒருநாள் ஊருக்குத் தெரியவரும் என்று காத்திருந்தது.

செல்லோ சண்டை போட்டுக்கொண்டு போனது. இரண்டாம் வயலின் தனிக்கச்சேரிக்குக் கிளம்பியது. கடைசியில் மிர்வாலே ஓய்வு பெற்றது. ஒவ்வொரு இடத்துக்கும் புது வாத்தியம் வந்தது. குழுவின் பெயர் மட்டும் அசையவில்லை.

வெள்ளிவிழா மேடையில் பழைய ஆள் வியோலா மட்டும்தான். இன்றைக்காவது தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள் என்று தந்திகளை முறுக்கிக்கொண்டு நின்றது.

புது முதல் வயலின் திரும்பிப் பார்த்தது. "ஏம்பா, நீ எப்போ சேர்ந்தே?"

"ஆரம்பத்திலேருந்தே இருக்கேன்."

"அடடே, சொல்லவே இல்லையே! அப்போ மேடைக்கு முன்னாடி வா. மிர்வால் ஐயாவைப் பத்தி நாலு வார்த்தை பேசு!"