குகைக்குள் ஃப்ளோரன்ஸ்

ஜெபமாலை முடிந்து டீ கொடுத்ததும் என் மனைவி ஃப்ளோரன்ஸ் குகைக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே ஏசி போட்ட மாதிரி குளிர். கூரையிலிருந்து கல்லெல்லாம் மெழுகுவர்த்தி உருகினதுபோலத் தொங்கும். நடுவில் கொஞ்ச நேரம் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள், நம் கையே நமக்குத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாடு போய் வந்தவர் வீட்டில்தான் அடுத்த அன்பியக் கூட்டம். ஜெபம் முடிந்ததும் பார்த்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு இது எழுதாத சட்டம்.

போன வருஷம் எதிர்வீட்டு ஜெசிந்தா, சிட்னியில் மகன் வீட்டுக்குப் போய் வந்து, மீன் காட்சிசாலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் தலைக்கு மேலே சுறா நீந்தினதைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கொன்றாள். அன்று ஃப்ளோரன்ஸ் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது இவள் முறை. அமெரிக்காவில் இருக்கும் மகள் ஆன்சி எங்களைக் கப்பலில் கரீபியன் தீவுகளுக்குக் கூட்டிப்போனாள். அதில் ஒரு தீவில்தான் இந்தக் குகை. ஊர் சுற்றிக் காட்டவா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றா? அது தெரியாமல் தெருவுக்குத் தூக்கம் வரவில்லை. இன்றோடு அந்த வாயையெல்லாம் அடைத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே ஃப்ளோரன்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் அடைத்துக்கொண்டிருந்தாள். குகைப் படங்களோடு அவள் செல்போன் கைமாறிக் கைமாறிப் போனது.

மாடிவீட்டு லில்லி கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா, ஆன்சி கீறா, மாப்ள கீறாரு. உன்னிய ஒரு போட்டோலயும் காணோமே?"

ஃப்ளோரன்ஸ் என்னைப் பார்த்தாள்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாங்கள் குகைக்குள் போகவே இல்லை. படமெல்லாம் ஆன்சி அனுப்பினது.

குழந்தை வண்டியை உள்ளே விடமாட்டார்கள், உங்களுக்கும் முட்டி வலி, எதற்கு அலைச்சல் என்று ஆன்சி குகை வாசலில் வைத்துச் சொன்னாள். ஹார்பரில் கிரேன் ஏறி இறங்கியே ரிடையர் ஆனவன் நான். எனக்கு முட்டி வலியாம். அவள் கையிலும் மாப்பிள்ளை கையிலும் மஞ்சள் பட்டை கட்டியிருந்தது. அதுதான் டிக்கெட். காலையில் கப்பலிலேயே கட்டிவிட்டார்கள். எங்கள் கைகள் மொட்டையாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பெற்ற மகள்.

ஃப்ளோரன்ஸ் பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, வெளியே வந்தவர்களையெல்லாம் தன் ஓட்டை இங்கிலீஷில் நிறுத்தி, உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டாள். குளிரைச் சொன்னது ஒரு வெள்ளைக்காரக் கிழவர். விளக்கு அணைந்ததை ஒரு பெண் கையால் கண்ணைப் பொத்தி நடித்துக் காட்டினாள்.

இதையெல்லாம் போட்டு உடைத்தால் ஆன்சி மானம் போகும். போகட்டும் என்றுதான் இருந்தது.

"போட்டோ புடிக்கிறவ எப்பிட்றீ போட்டோல வருவா? குடு இங்க."

லில்லி கையிலிருந்து போனைப் பிடுங்கியது ஜெசிந்தா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஃப்ளோரன்ஸ் மறுபடியும் குகைக்குள் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா மட்டும் கடைசியாக வாசலில் செருப்பை மாட்டியபடி, ஃப்ளோரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உனுக்கு வெளிய உக்காரவாச்சும் எடம் இருந்துச்சாக்கா? சிட்னில அந்தச் சுறா காட்ற எடத்து வாசல்ல புள்ளயத் தூக்கினு நின்னு நின்னு எனுக்குக் கால் வீங்கிப்போச்சு."

தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று ஃப்ளோரன்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பெஞ்சு போட்டிருந்தாங்கோ," என்றாள் பிறகு. "நெழல்ல."

அதைச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.