முட்டுக்கட்டை மகாராணி

"ரெண்டு வருஷ மெசேஜ் மொத்தத்தையும் படிச்சாகணும். ஒண்ணு விடாம" என்றார் சட்டப் பிரிவின் தலைவி.

மேசையைச் சுற்றியிருந்த ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அவர்கள் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தின் மீது வழக்கு. மென்பொருளை வாங்கிய வணிகர் ஒருவர், 'எங்கள் வாடிக்கையாளர் விவரங்களைச் சம்மதம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்' என்று நீதிமன்றம் போயிருந்தார். அதைப் பற்றி அலுவலகத்துக்குள் யார் யாருக்கு என்ன எழுதியிருந்தாலும் தேடி எடுத்து வைத்தாக வேண்டும்.

"யாரும் தன் மெசேஜைத் தானே பார்க்கக் கூடாது. நீங்க மத்த பிரிவுகளைப் பிரிச்சுக்குங்க. நம்ம பிரிவோடதை நானே பார்க்கிறேன். என்னோடதை வெளி வக்கீல் பார்ப்பார்."

அவர் வெளியே போனதுதான் தாமதம், "வேவு பார்க்க மேடத்துக்கு நல்ல சாக்கு கிடைச்சிருச்சு!" என்று கண்ணடித்தார் காப்புரிமை விவகாரங்களைக் கவனிப்பவர். பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன சார், மூஞ்சியில ஈயாடலை? காதல் கடிதம் ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

ஒப்பந்தங்களைக் கவனிக்கும் மூத்தவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

காதல் கடிதமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் எழுதியதெல்லாம் தலைவியைப் பற்றிய கிண்டல். எந்த ஒப்பந்தம் போனாலும் சிவப்புக் கோடு போட்டுத் திருப்புகிறாரே என்ற எரிச்சலில், விற்பனை மேலாளரோடு நடத்திய அரட்டையில் 'முட்டுக்கட்டை மகாராணி' என்று தலைவிக்குப் பட்டமே சூட்டியிருந்தார். வாரத்துக்கு இரண்டு கிண்டலுக்குக் குறைவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், துணைத் தலைவர் பதவிக்கு இந்த மாத இயக்குநர் கூட்டத்தில் பெயர் சொல்ல வேண்டியவரும் அதே மகாராணிதான். அந்தப் பதவிக்கு அவருடையது பன்னிரண்டு வருடக் காத்திருப்பு.

விற்பனை மேலாளரிடம் ஓடினார். அவரோ, "எனக்கென்ன சார் வந்தது? நான் சிரிக்கிற பொம்மை மட்டும்தானே அனுப்பினேன்!" என்று கை கழுவிவிட்டார்.

மாடிப்படியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"பேசாம அழிச்சிட்டா என்னங்க?"

"வழக்கு வந்தப்புறம் அழிச்சா குத்தம்மா. எதையும் அழிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சுற்றறிக்கை எழுதினதே நான்தான்."

"நல்லா இருக்கு போங்க! இதுல வக்கீல்னு வேற வெளியில சொல்லிக்கிறீங்க."

அடுத்த நான்கு நாளும் தலைவி தம் கண்ணாடி அறைக்குள் படித்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே தமக்குள் சிரித்துக்கொண்டார். வெளியே இருந்த மூத்தவர் அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் அவரே உள்ளே போய்விட்டார்.

"மேடம், அந்த அரட்டை... எல்லாம் வாய்க்கொழுப்பு. மன்னிச்சிடுங்க."

"உக்காருங்க சார்" என்ற தலைவி, ஒரு தாளை எடுத்து நிதானமாக வாசித்தார். "'முட்டுக்கட்டை மகாராணி நாலாவது தடவையா ஒப்பந்தத்தைத் திருப்பிட்டாங்க. எழுத்துல சம்மதம் வராம ஒரு வாடிக்கையாளர் பேரைக்கூடத் தொடக் கூடாதாம். இவங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு இந்த ஆபீஸ்ல ஒரு துரும்பை நகர்த்த முடியாது.' நீங்க எழுதினதுதானே?"

மூத்தவரின் தலை கவிழ்ந்தது.

"நிமிருங்க. நம்ம வழக்குக்கே இதுதான் உயிர். நாங்க ஜாக்கிரதையாத்தான் இருந்தோம்னு நான் எழுதி வெச்ச குறிப்பைக் காட்டினா, தனக்குத் தானே கொடுத்துக்கிட்ட நற்சான்றிதழ்னு ஒதுக்கிடுவாங்க. என்மேல கடுப்புல இருக்கிறவர் எழுதினதை எப்படி ஒதுக்குவாங்க? நாளைக்கு இயக்குநர் கூட்டத்துல முதல்ல இதைத்தான் வைக்கப் போறேன்."

"மேடம், அந்தப் பட்டப்பேரையாவது எடுத்துட்டு..."

"வாசகத்துல கை வைக்க மாட்டேன். எழுதினது எழுதினபடியே வரும். கூட்டத்துக்கு நீங்களும் வந்துடுங்க."

வெளியே வந்த மூத்தவர் மனத்துக்குள் புழுங்கினார். பழி வாங்குவதைக்கூட எவ்வளவு சட்டப்படி செய்கிறார் பாருங்கள்!

மறுநாள் காலை, கூட்டத்தில் தாள்கள் கைமாறின. ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருந்த மூத்தவர் தம் பிரதியைக் கவிழ்த்தே வைத்திருந்தார்.

முதலில் யாரோ செருமினார்கள். பிறகு நிர்வாக இயக்குநர் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"முட்டுக்கட்டை மகாராணி! பொருத்தமாத்தான் இருக்கு. என் ஃபைலையே ஆறு தடவை திருப்பினவங்கதானே நீங்க?"

"ஏழு தடவை சார்" என்றார் தலைவி. அறையே சிரித்தது.

"அது சரி, யாரு எழுதினது? அந்த ஆள் இன்னும் இங்கதான் வேலை பார்க்கிறாரா?"

"பார்க்கிறார் சார். நல்லாவே பார்க்கிறார்."

மூத்தவர் தாளைப் புரட்டினார். கிண்டலில் ஓர் எழுத்துக் குறையவில்லை. பட்டப்பெயர் பளிச்சென்று இருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

"முழுப் பிரதி நீதிமன்றத்துக்குப் போகுது. இந்த அறைக்கு வாசகம் போதும், பேர் வேண்டாம்" என்ற தலைவி அடுத்த கோப்பைத் திறந்தார். "அடுத்தது துணைத் தலைவர் பதவி. நான் சொல்றது ஒரே ஒரு பேர்தான்."

அந்தத் தாளில் கறுப்படித்து மறைத்த பெயரை, இந்தத் தாளிலிருந்து அறை முழுவதும் கேட்கும்படி வாசித்தார்.