கறுக்கும் விரல்கள்

ஜன்னல் வெயில் விழும் தொட்டியில் லேப் அக்கா சோதனைக் குழாய்களைக் கழுவுகிறாள். காலையில் சில்வர் நைட்ரேட் புட்டியைக் கவிழ்த்து, வெறுங்கையால் துடைத்துவிட்டு, “நான் அந்தப் பக்கமே போகல டீச்சர்” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சாதித்தவள். முதுகுக்குப் பின்னால் டீச்சர் பாடம் நடத்துகிறாள். “கெமிஸ்ட்ரிங்கிற பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னும் முடிவாகல. உருக்கி ஊத்துறதுங்கிற கிரேக்கச் சொல்லுலேருந்துன்னு சிலர் சொல்றாங்க. எகிப்தோட பழைய பேரான ‘கறுப்பு மண்’ணுலேருந்துன்னு சிலர்.” சாக்பீஸ் கரகரக்கிறது. சில்வர் நைட்ரேட் படிந்த அக்காவின் விரல்நுனிகள் வெயில் பட்டு ஒவ்வொன்றாகக் கறுத்து வருகின்றன. அக்கா சோப்பு போட்டுத் தேய்க்கிறாள், கறுப்பு அசையவில்லை. சாக்பீஸ் சத்தம் நிற்கிறது. தொட்டி விளிம்பில் ஒரு ஜோடி கையுறை வந்து விழுகிறது. “போட்டுக்குங்கக்கா,” என்கிறாள் டீச்சர், தணிந்த குரலில். “ஒரு வாரத்துக்குப் போகாது.”