கையெழுத்துக்குப் பிறகு

போர் ஓய்ந்த வயலில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அதற்குக் கீழே, மண்ணுக்குள், டாங்கிகளைத் தகர்க்கும் கண்ணிவெடி ஒன்று கிடந்தது.

ஒருநாள் காலையில் இன்ஜின் சத்தம் கேட்டது.

"டாங்கி வருது," என்றது கண்ணிவெடி.

"டாங்கி இல்லை, டிராக்டர். சமாதானம் பேசிக் கையெழுத்தும் போட்டாச்சு. வெடிச்சிடாதே!"

"என்கிட்ட யாரும் சொல்லலையே. கனமா எது ஏறினாலும் வெடிக்கணும்னுதான் புதைச்சாங்க."

குருவி அலறிக்கொண்டு டிராக்டரின் முன்னால் பாய்ந்தது. ஓட்டிவந்த அருளாயி பிரேக்கை மிதித்தாள். முட்டைகளைப் பார்த்தாள்.

"சரி, கத்தாதே. குஞ்சோட நீ கிளம்பினதும் இந்த மூலையை உழுதுக்கிறேன்," என்று வண்டியை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

குருவி மூச்சு வாங்க முட்டைகள்மேல் உட்கார்ந்தது. அதன் அடிவயிற்றில் ஏதோ தட்டியது. ஒரு குஞ்சு உள்ளிருந்து ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தது.