அப்பா கேட்காத கேள்வி

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த செல்லப்பாண்டி, மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் மகிமா போன் செய்யும்போதெல்லாம், "எப்ப வருவ தாயி?" என்று கேட்பார். அடுத்த மாதம் என்பாள். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் சந்தேகம் வந்தது.

"என்னப்பா, எப்ப வருவன்னு கேக்குறதே இல்ல?"

"அதான் வந்துட்டியே தாயி."

போனில் அவருக்குப் பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

யாரோ அப்பாவை ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து மறுநாளே ஊருக்கு வந்தாள். எதிர்வீட்டு ஜெபஷீலா அக்கா, "இப்பத்தான காய் வாங்கிட்டு உள்ள போன? அதுக்குள்ள பையத் தூக்கிக்கிட்டு எங்கன கெளம்பிட்ட?" என்றாள்.

மகிமா போய்க் கதவைத் தட்டினாள். அப்பா திறந்தார். உடம்பு தேறியிருந்தது. சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"அப்பா, நான்தான்."

அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். "மகிமா, யாரோ வந்திருக்காக, பாரு தாயி."

"இந்தா வர்றேன்ப்பா" என்று அடுப்படியிலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. என் மக வந்துருவா."