பச்சை மூடி, சிவப்பு மூடி

"பொய் சொல்லாதீங்க மாதம்மா. ரெண்டு கையிலயும் பச்சை மூடி டப்பா ஜெல்லைத்தானே போட்டீங்க?"

"இல்லீங்க மேடம். வலக்கைக்குப் பச்சை மூடி, இடக்கைக்குச் சிவப்பு மூடி. நீங்க சொன்னபடிதானுங்க போட்டேன்."

மாதம்மா இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். உமாதேவி குனிந்து பார்த்தாள். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கறுப்புக் கோடு இல்லை. இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தன. அதுதான் வினையாகிவிட்டது.

தேங்காய் மட்டையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தச் செந்நிறச் சாற்றில் தோலைக் காக்கும் சத்து இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே உமாதேவிக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது. பிறகு அதை ஜெல்லில் கலந்தாள். மைசூரில் வீட்டுக்கு வீடு ஊதுபத்தி உருட்டுகிறார்களே, அவர்களில் பன்னிரண்டு பெண்களைப் பிடித்து ஆளுக்கு இரண்டு டப்பா கொடுத்தாள். பச்சை மூடியில் சாறு கலந்த ஜெல், சிவப்பு மூடியில் வெறும் ஜெல். நாளெல்லாம் கரி மாவு பிசைந்து வெடித்துப்போகிற கைகள். ஆறு வாரத்தில் வலக்கை மட்டும் தேறினால் சாறு ஜெயித்தது என்று அர்த்தம்.

பதினொரு பேருக்கு அப்படித்தான் ஆனது. மாதம்மாதான் பன்னிரண்டாவது ஆள்.

துறைத் தலைவர் மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"டப்பாவை எடை போட்டியா உமா?"

"போட்டேன் சார். ரெண்டுலயும் ஒரே அளவுதான் குறைஞ்சிருக்கு."

"அப்ப இந்த அம்மா பொய் சொல்லல. ஒண்ணு, வெறும் ஜெல்லே போதும், உன் மட்டைச் சாறு தண்டம். இல்லைன்னா, நீ ரெண்டு டப்பாவிலயும் சாறு கலந்ததையே நிரப்பியிருக்க. இவங்களுக்கு டப்பா மாறினது மத்தவங்களுக்கு மாறலைன்னு எப்படி நம்புறது?"

"சார், நானே என் கையால நிரப்பினேன்."

"மூணு மணிக்கு உன் ஆய்வைப் பாக்க பெங்களூர்லருந்து கமிட்டி வருது. காரணம் சொல்ல முடியலைன்னா நானே இதை நிறுத்தச் சொல்லிடுவேன்."

மணி இரண்டே கால். மூன்று வருஷ உழைப்பு ஒரு அம்மாவின் இடது உள்ளங்கையில் பாழாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் பார்வை வாசல் பக்கம் திரும்பியது. மாதம்மாவின் புருஷன் செல்லக்கண்ணு சுவரோரமாக நின்றிருந்தான். ஏதோ கிடங்கில் ராத்திரி வாட்ச்மேன். ஏப்ரல் மாத வெயிலிலும் கம்பளியை இழுத்துப் போர்த்தியிருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. வந்ததும் டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றான். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க" என்று நழுவினான். குடிகாரன் என்று உமாதேவி அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

"வீட்டுல வேற யாராவது டப்பாவைத் தொட்டாங்களா மாதம்மா?"

மாதம்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"போலாம் வா புள்ள, நேரமாச்சு" என்றான் செல்லக்கண்ணு.

"நில்லுங்க. டப்பாவுல இருந்ததை வேற யாருக்காவது கொடுத்துட்டு, வேற எதையாவது நிரப்பி வச்சீங்களா?"

"நான் எதுக்குங்க அதைத் தொடறேன்?"

"பின்ன எதை மறைக்கிறீங்க?"

அவன் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மாமா, சொல்லிரட்டுமா?" என்றாள் மாதம்மா மெதுவாக.

"வாய மூடு. நம்ம வீதிக்குத் தெரிஞ்சா அப்பறம் நான் தலை காட்ட முடியாது."

உமாதேவிக்குக் கோபம் போய் அழுகை முட்டியது. "அண்ணா, இன்னும் அரை மணி நேரத்துல என் வேலை மொத்தமும் குப்பைக்குப் போகப்போகுது. வீட்டுல கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, அப்பாகிட்ட திட்டு வாங்கி, இதைத்தான் கட்டிட்டு அழுதேன். என்ன நடந்ததோ சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

செல்லக்கண்ணு மாணிக்கவாசகத்தைப் பார்த்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"மொத நாளு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றான். "ஆறு வாரத்துக்குக் கையைப் பத்திரமாப் பாத்துக்கணும்னு."

"காயம் படாமப் பாத்துக்கச் சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"தெனம் ஆயிரம் குச்சி குடுக்கலைன்னா ஏஜெண்டு வேலையை வேற வீட்டுக்குக் குடுத்துருவானுங்க. இவ மாவுல கை வச்சா கை கெட்டுப் போயிருமே. பெரிய படிப்புப் படிச்சவங்க நம்மள நம்பிக் கேட்டிருக்காங்க, அவங்க காரியம் கெட்டுரக் கூடாதுன்னு..."

அவன் கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தான். கரி ஏறி, விரலுக்கு விரல் வெடித்து, ரத்தம் காய்ந்திருந்தது.

"பொம்பள வேலைன்னு வீதியே சிரிக்குமேன்னு பகல்ல கதவச் சாத்திக்கிட்டு, ஆறு வாரமா நாந்தானுங்க உருட்டினேன்."

மாணிக்கவாசகம் பட்டியலில் பன்னிரண்டாவது பெயரை அடித்துவிட்டு, 'மொத்தம் பதினொன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உமாதேவி அலமாரியைத் திறந்து புது டப்பா ஒன்றை எடுத்து மாதம்மாவிடம் நீட்டினாள்.

"பச்சை மூடிங்களா?" என்றாள் மாதம்மா. "இவருக்கு எந்தக் கைக்குங்க போடணும்?"

"ரெண்டு கைக்கும்."